பெயர் துறந்த நூலாசிரியர்: பூர்பாக்கி எழுத்துக் கூட்டங்களும் அவற்றின் இந்தியத் தொடர்பும்

ஆய்வாளர் பலர் தம் பணியிடம் விட்டு நீங்கி, ஓரிடத்தில் சில நாள்கள் தங்கி, அச்சுக்கு அனுப்புதற்குரிய கட்டுரையையோ நூலையோ உருவாக்கும் எழுத்துப் பயிலரங்குகள் இன்று இந்தியப் பல்கலைக்கழகங்களிலும் நடத்தப்பெறுகின்றன. ஆய்வாளனுக்கு வேண்டியது தனிமையும் நேரமும் ஆகும். அவ்விரண்டையும் ஒருசேரக் கொடுத்துவிட்டால் எழுத்து தானே விளையும் என்பதே இவற்றின் பின்னுள்ள எண்ணம் எனலாம். இவ்வெண்ணம் எந்த அளவிற்குப் பொருந்தும் என்பதை வரலாற்றைக் கொண்டு சோதிப்பது பயனுடையதாகும். கூடித் தங்கி நூல் எழுதிய அறிஞர் குழுக்களுள் மிக நீண்ட காலம் நிலைத்ததும், மிக விரிவான பதிவுகளை விட்டுச் சென்றதும் பிரான்சு நாட்டுக் கணிதவியலாளரின் பூர்பாக்கிக் குழுவேயாகும். அக்குழுவின் எழுத்துக் கூட்டங்கள் எவ்வாறு நடைபெற்றன, அவற்றில் உண்மையில் நிகழ்ந்தது எழுதுதலா பிறிதொன்றா, ஆசிரியன் பெயர் அங்கு என்னவாயிற்று என்பவற்றை இக்கட்டுரை ஆராய்கிறது. கணிதம் தமிழாய்வுக்குப் புறத்தே நிற்பது எனக் கருதுவோர்க்கும் நூலாக்கம் பற்றிய இவ்வினாக்கள் அயலானவை அல்ல.

குழு தோன்றிய சூழல்

முதல் உலகப் போரில் பிரான்சு தன் இளம் அறிஞருள் பெரும்பகுதியினரை இழந்தது. பாரிசு நகரின் எக்கோல் நொர்மால் கல்லூரி மாணவர் பலர் போர்க்களத்தில் மடிந்தனர். இதனால் 1920களில் கல்வி பயின்ற தலைமுறைக்கு, முதிய பேராசிரியர்களுக்கும் தமக்கும் இடையே வழிகாட்டியாக நிற்க வேண்டிய ஒரு தலைமுறையே இல்லாது போயிற்று. பாடநூல்களும் பழையனவாகவே இருந்தன. 1930களின் தொடக்கத்தில் ஸ்திராஸ்பூர் பல்கலைக்கழகத்தில் உடன்பணியாற்றிய ஆந்த்ரே வெய்ல், ஆன்றி கார்த்தான் ஆகிய இருவரும் நுண்கணிதத்தைக் கற்பிக்கும் முறை குறித்து ஓயாது உரையாடி வந்தனர். கூர்சா எழுதிய பழைய பாடநூல் அவர்களுக்கு நிறைவளிக்கவில்லை. கார்த்தானின் ஐயங்கள் மேன்மேலும் பெருகவே, பல ஊர்களில் இதே பாடத்தைக் கற்பிக்கும் நண்பர் சிலரைக் கூட்டி, இச்சிக்கலுக்கு ஒரேயடியாக முடிவு காணலாம் என்று வெய்ல் கூறினார். தம் தன்வரலாற்றில் இதனை அவரே குறிப்பிட்டுள்ளார்.

அவ்வாறே 1934 டிசம்பர் 10ஆம் நாள் பாரிசு நகரில் சேன் மிஷெல் பெருந்தெருவிலிருந்த கப்பூலாத் என்னும் உணவகத்தில் அறுவர் கூடினர். வெய்ல், கார்த்தான், குளோது ஷெவல்லே, ழான் தெல்சார்த், ழான் தியூதொனே, ரெனே த பொசெல் என்போர் அவர். பாடநூல் ஒன்றைச் சில ஆண்டுகளுக்குள் எழுதி முடித்துவிடலாம் என்பது அவர்தம் நம்பிக்கை. அந்நம்பிக்கை எவ்வளவு பொய்த்தது என்பதைப் பின்னர்க் காணலாம். உணவக மேசையில் சில மணி நேரம் பேசிக் கலைவதால் இப்பணி நிறைவேறாது என்பது விரைவிலேயே புலனாயிற்று. அடுத்த ஆண்டு, 1935 ஜூலையில், ஓவெர்ஞ் மலைப்பகுதியிலுள்ள பெஸ்-ஆன்-ஷாந்தெஸ் என்னும் சிற்றூரில் குழுவினர் முதன்முறையாகத் தங்கிக் கூடினர். கிளெர்மோன்-ஃபெரான் பல்கலைக்கழகத்திற்கு உரிய உயிரியல் ஆய்வு நிலையம் ஒன்று அவர்களுக்கு இடமளித்தது. இதுவே பூர்பாக்கியின் முதல் மாநாடாகும். தம் கூட்டங்களை அவர்கள் ‘மாநாடு’ என்றே அழைத்தனர். பத்துப் பேர்கூட இல்லாத கூட்டத்திற்கு இப்பெயர் சூட்டியதில் நகைச்சுவை இல்லாமல் இல்லை.

அடுத்த ஆண்டு மாநாட்டை ஸ்பெயின் நாட்டு எஸ்கோரியலில் நடத்தத் திட்டமிட்டிருந்தனர். 1936இல் அந்நாட்டில் உள்நாட்டுப் போர் மூண்டமையால், ஷெவல்லேயின் குடும்பத்திற்கு உரிய ஷான்சே என்னும் ஊரிலிருந்த வீட்டிற்குக் கூட்டம் மாற்றப்பட்டது. ஆயினும் ‘எஸ்கோரியல் மாநாடு’ என்ற பெயரை அவர்கள் விடவில்லை.

அலிகாரில் பிறந்த விளையாட்டு

நிக்கொலா பூர்பாக்கி என ஒரு கணிதவியலாளர் வாழ்ந்ததில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் பிரான்சு–பிரஷியப் போரில் பங்கேற்ற படைத்தலைவர் ஒருவரின் குடும்பப் பெயர் அது. 1923இல் எக்கோல் நொர்மால் கல்லூரியில் மூத்த மாணவர் ஒருவர் பொய்த்தாடி ஒட்டிக்கொண்டு, அயல்நாட்டுப் பேராசிரியராக நடித்து, புதிய மாணவருக்குப் பொருளற்ற விரிவுரை ஒன்றை நிகழ்த்தினார். அவ்வுரையின் இறுதித் தேற்றத்திற்குப் ‘பூர்பாக்கியின் தேற்றம்’ எனப் பெயரிட்டார். மாணவரிடையே வழங்கிய இக்கேலி அச்சேறிய இடம் பாரிசு அன்று, அலகாபாத் என்பது இங்கு நாம் கருதத்தக்க செய்தியாகும்.

ஆந்த்ரே வெய்ல் 1930இல், தம் இருபத்து மூன்றாம் அகவையில், அலிகார் முஸ்லிம் பல்கலைக்கழகக் கணிதப் பேராசிரியராக இந்தியா வந்தார். வடமொழி நூல்களில் அவருக்கு முன்பே ஈடுபாடு இருந்தது. பாரிசில் இந்தியவியல் அறிஞர் சில்வேன் லெவியோடு கொண்ட தொடர்பே இப்பதவிக்கு வழியமைத்தது. துணைவேந்தர் ராஸ் மசூத் அவரைப் பணியமர்த்தினார். அலிகாரில் வெய்ல் தம் துறைக்குத் தேர்ந்தெடுத்தவருள் இருவர் குறிப்பிடத்தக்கவர். ஒருவர் தென்னார்க்காட்டு அடூர் அகரத்தில் 1902இல் பிறந்து, ஆக்ஸ்போர்டில் ஹார்டியிடம் பயின்று திரும்பிய தி. விஜயராகவன். மற்றவர் டி.டி. கோசாம்பி. இந்திய வரலாற்றை ஆராய்வோர் கோசாம்பியை 1956இல் வெளிவந்த வரலாற்று அறிமுக நூலின் ஆசிரியராகவும், பர்த்ருஹரியின் பாடல்களுக்குச் செம்பதிப்புக் கண்டவராகவும் அறிவர். அவர் தொழிலால் கணிதவியலாளர் என்பது பெரும்பாலும் மறக்கப்படுகிறது.

அக்காலத்தில் கோசாம்பிக்கும் உடன்பணியாற்றிய ஒருவருக்கும் இடையே பூசல் இருந்தது. எதிரியைத் திகைக்கச் செய்ய, இல்லாத கணிதவியலாளர் ஒருவரின் பெயரால் தேற்றம் ஒன்றைக் குறிப்பிட்டுக் கட்டுரை எழுதுமாறு வெய்ல் தூண்டினார். அதன் விளைவாக ‘பூர்பாக்கியின் இரண்டாம் தேற்றத்தைப் பொதுமைப்படுத்தல்’ என்னும் பொருளமைந்த தலைப்பில் கோசாம்பியின் சிறு கட்டுரை ஐக்கிய மாகாண அறிவியல் கழக இதழின் 1931–32ஆம் ஆண்டுத் தொகுதியில் வெளிவந்தது. உருசியப் புரட்சியின்போது நஞ்சூட்டப்பட்டு இறந்தவர் எனப் பூர்பாக்கிக்கு ஒரு வாழ்க்கைக் குறிப்பும் அதில் இடம்பெற்றது. ஓர் ஆய்விதழின் பக்கங்களில் பூர்பாக்கி என்னும் பெயர் கணிதவியலாளருக்கு உரியதாகத் தோன்றியது இதுவே முதன்முறை. குழு உருவாவதற்கு மூன்றாண்டுகளுக்கு முன்பே அதன் பெயர் இந்தியாவில் ஆய்வுலகினுள் நுழைந்துவிட்டது.

இதனைக் கொண்டு, குழுவின் கருத்தே அலிகாரில் தோன்றியது என்று கூறிவிட இயலாது. அதற்குச் சான்று இல்லை. எனினும், துறையொன்றைத் தம் நண்பரைக் கொண்டு புதிதாக அமைக்கும் முயற்சியை வெய்ல் முதன்முதலில் மேற்கொண்டதும், அதில் தோற்றதும் அலிகாரில்தான். 1932இல் அவர் பதவியிலிருந்து நீக்கப்பட்டார். விஜயராகவன் டாக்கா பல்கலைக்கழகம் சென்றார். பிற்காலத்தில், அழகப்பச் செட்டியார் 1950இல் சென்னையில் நிறுவிய இராமானுசன் கணித நிறுவனத்தின் முதல் இயக்குநராகப் பொறுப்பேற்று, 1955இல் மறைந்தார். ஒருவகை எண்களுக்குப் ‘பிசோ–விஜயராகவன் எண்கள்’ என்று இன்றும் பெயர் வழங்குகிறது. அப்பெயரின் மற்றொரு பாதிக்குரிய ஷார்ல் பிசோ, 1938இல் தியெலஃபியில் கூடிய பூர்பாக்கி மாநாட்டு ஒளிப்படத்தில் வெய்லோடு காணப்படுகிறார். அப்படத்திலுள்ள ஒரே பெண் வெய்லின் தங்கை, மெய்யியலாளர் சிமோன் வெய்ல்.

கூட்டத்தில் நிகழ்ந்தது யாது?

பூர்பாக்கி மாநாடுகளில் நூல் எழுதப்படவில்லை, நூல் படிக்கப்பட்டது. இவ்வேறுபாடே இக்கட்டுரையின் மையம். அதிகாரம் ஒன்றை எழுதும் பொறுப்பு உறுப்பினர் ஒருவருக்கு அளிக்கப்படும். அவர் தம் ஊர் திரும்பி, தனியே அமர்ந்து, மாதக்கணக்கில் எழுதுவார். அவ்வரைவு படியெடுக்கப்பட்டு மற்றவருக்கு அனுப்பப்படும். தெல்சார்த் பணியாற்றிய நான்சி நகரம் நெடுங்காலம் இப்பணியின் நடுவிடமாக விளங்கிற்று. அடுத்த மாநாட்டில் அவ்வரைவு வரிவரியாக உரக்கப் படிக்கப்படும். ஒவ்வொரு வரியிலும் எவரும் குறுக்கிடலாம். வாக்கெடுப்பு என்பது இல்லை. அனைவரும் உடன்பட்டால் அன்றி எதுவும் ஏற்கப்படாது. ஒருவர் மறுத்தாலும் வரைவு வீழும். வீழ்ந்த வரைவைத் திருத்தும் பொறுப்பு பெரும்பாலும் அதை எழுதியவருக்கு அளிக்கப்படுவதில்லை, வேறொருவருக்கே போகும். அவர் முந்தையதை ஒதுக்கிவிட்டுத் தொடக்கத்திலிருந்து எழுதவும் கூடும். அதுவும் அடுத்த மாநாட்டில் அதே வகையில் கிழிபடும்.

இம்முறையைத் தியூதொனே 1968இல் ருமேனியாவில் நிகழ்த்திய உரையில் விரிவாக விளக்கியுள்ளார். ஓர் அதிகாரம் ஆறு, ஏழு, எட்டு முறையும், சிலபோது பத்து முறையும் எழுதப்பட்டதாகவும், தொடங்கிய அதிகாரம் அச்சேறிக் கடைக்கு வர எட்டு முதல் பன்னிரண்டு ஆண்டுகள் ஆனதாகவும் அவர் குறிப்பிடுகிறார். பார்வையாளராக அழைக்கப்பட்ட அயல்நாட்டார் பித்தர் கூட்டத்தைக் கண்ட உணர்வோடே திரும்பினர் என்றும் சொல்கிறார். பின்னாளில் குழுவில் சேர்ந்த அர்மான் போரெலும் தம் நினைவுகளில், ஒரே நேரத்தில் இருவர் மூவர் உரத்த குரலில் தனித்தனியே பேசிக்கொண்டிருந்த காட்சியைப் பதிந்துள்ளார். இத்தகைய கூச்சலிலிருந்து இவ்வளவு இறுக்கமான உரைநடை எவ்வாறு பிறந்தது என்பது வியப்பிற்குரியது. அதற்கு ஒரு விடை தியூதொனேயின் உழைப்பாகும். அச்சுக்குச் செல்லும் இறுதி வடிவத்தை நெடுங்காலம் அவரே செப்பம் செய்தார். சினம் மிகுந்தபோது குழுவிலிருந்து விலகுவதாக முழங்குவதும், மறுநாளே பணியைத் தொடர்வதும் அவர் வழக்கம் எனக் கூறுவர்.

தங்கிக் கூடுவதன் பயன் இங்கு விளங்குகிறது. பிற்காலத்தில் ஆண்டுக்கு மூன்று கூட்டங்கள் நடைபெற்றன. இரண்டு ஒரு வாரமும் ஒன்று இரு வாரமும் நீடித்தன. நகரத்துக் கருத்தரங்கில் மறுப்புரை கேட்டவர் மாலை வண்டியில் ஏறி ஊர் சென்றுவிடலாம். மலையூரில் அது இயலாது. காலையில் தம் வரைவைக் கிழித்தவரோடு நண்பகலில் ஒரே மேசையில் உண்ண வேண்டும், மாலையில் ஒன்றாக நடக்க வேண்டும், மறுநாள் அவர் வரைவைத் தாம் கிழிக்க வேண்டும். பூர்பாக்கியினருக்கு மலையூர் எழுதுவதற்கான தனிமையைத் தரவில்லை; மறுப்பிலிருந்து தப்ப முடியாத நெருக்கத்தைத் தந்தது.

இக்கூட்டங்களின் முடிவுகள் ஓர் உள்சுற்று இதழில் பதியப்பட்டன. 1940 முதல் அதற்கு ‘லா த்ரிபூ’ என்று பெயர். ‘குலக்குழு’ என்பது பொருள். யார் வந்தனர், எவ்வதிகாரம் படிக்கப்பட்டது, யார் எதை எழுத ஒப்புக்கொண்டார் என்னும் செய்திகளோடு கேலிப்பாட்டுகளும் அதில் இடம்பெற்றன. வரைவுகளும் இவ்விதழும் பெருமளவு பாதுகாக்கப்பட்டு, இன்று ஆய்வாளருக்குக் கிடைக்கின்றன. நூலொன்று கைவிட்ட வடிவங்களை இவ்வளவு நிறைவாகக் காண்பது அரிது. சுவடிகளின் பாடவேறுபாடுகளை ஒப்பிட்டு மூலத்தை ஊகிக்கும் பதிப்பாசிரியர் இதைப் பொறாமையோடு நோக்கக்கூடும்.

தமிழ் மரபில் நூலை அவையில் படித்து ஏற்புப் பெறும் அரங்கேற்றத்தை இவ்விடத்து எண்ணிப் பார்க்கலாம். நிலந்தரு திருவிற் பாண்டியன் அவையில் அதங்கோட்டாசான் முன் தொல்காப்பியம் அரங்கேறியதாகப் பாயிரம் கூறுகிறது. இறையனார் களவியலுக்கு உரை தேர்ந்த கதையிலும் பல உரைகள் ஓர் அவையின்முன் படிக்கப்பட்டே மதிப்பிடப்பெறுகின்றன. எனினும் இவ்விரண்டையும் ஒன்றென மயங்குதல் கூடாது. அரங்கேற்றத்தில் நூல் முடிந்தபின் அவை கூடுகிறது. அரசனோ ஆசானோ தலைமை தாங்குகிறான். நூலாசிரியன் ஒருவனாகவே நின்று விடை கூறுகிறான். ஏற்புப் பெற்றபின் அவன் புகழ் வளர்கிறது. பூர்பாக்கி அவையில் தலைவர் இல்லை. மறுப்புக் கேட்டவர் ஏற்புப் பெற்றபின் நூலின்மேல் உரிமையற்றவர் ஆகிறார்.

பெயரின்மையின் விலை

முதல் வெளியீடாகிய கணக்கோட்பாட்டு முடிவுகளின் தொகுப்பு 1939இல் பாரிசில் வெளிவந்தது. அட்டையில் நிக்கொலா பூர்பாக்கி என்னும் பெயர் மட்டுமே இருந்தது. நிக்கொலா என்ற முற்பெயரைத் தேர்ந்தவர், பின்னாளில் வெய்லை மணந்த எவெலின் ஆவார். அவர் பங்கு அம்மட்டோடு நின்றது. தொடக்கக்கால உறுப்பினருள் பெண் ஒருவரும் இல்லை. வெற்றுக்கணத்திற்குப் பள்ளி மாணவர் இன்று இடும், வட்டத்தின் குறுக்கே கோடிழுத்த குறி, நார்வே மொழி எழுத்திலிருந்து வெய்ல் எடுத்துத் தந்தது. அவர் தன்வரலாறு எழுதியிராவிட்டால் அக்குறிக்கு உரியவர் யார் என்பதும் பூர்பாக்கி என்னும் பெயருள் மறைந்திருக்கும்.

பெயர் துறத்தலைத் துறவறமாகப் போற்றும் எழுத்துகள் பல உள. அப்போற்றுதலில் ஒரு செய்தி விடுபடுகிறது. கார்த்தானும் வெய்லும் ஸ்திராஸ்பூரிலும், தெல்சார்த்தும் தியூதொனேயும் நான்சியிலும் பல்கலைக்கழகப் பதவி வகித்தவர்; தம் சொந்த ஆய்வுகளைச் சொந்தப் பெயரிலேயே வெளியிட்டு வந்தவர். பூர்பாக்கிக்காகச் செலவிட்ட மாதங்கள் அவர் பிழைப்பைப் பாதிக்கவில்லை. நூல்கள் ஈட்டிய உரிமைத்தொகை கூட்டங்களின் செலவுக்கும் பயணத்திற்கும் உதவிற்று. பெயரின்மை, பெயர் ஏற்கெனவே உடையவர்க்கே எளிதாகக் கைகூடியது. ஐம்பது அகவை நிறைந்தோர் விலக வேண்டும் என்னும் விதியும் இவ்வகைப்பட்டதே. 1956இல் வெய்ல் தாம் விலகுவதாக எழுதிய மடல் மாநாட்டில் படிக்கப்பட்டது. மூத்தோர் அடுத்தடுத்து விலகினர். விலகியோர் எவரும் வேறு போக்கிடம் இல்லாதவர் அல்லர்.

இந்தியச் சூழலில் இதன் பொருள் வேறாகும். பல்கலைக்கழக மானியக் குழு 2018இல் வெளியிட்ட விதிமுறைகள், இருவர் சேர்ந்து எழுதிய கட்டுரைக்கு ஒவ்வொருவருக்கும் மதிப்பெண்ணில் எழுபது விழுக்காடும், இருவருக்கு மேற்பட்டோர் எழுதியதாயின் முதன்மை ஆசிரியருக்கு எழுபதும் ஏனையோர்க்கு முப்பதும் என வகுத்தன. பிறர் வரைவை எட்டு முறை படித்து மறுத்தவருக்கு இக்கணக்கில் இடமே இல்லை. இந்நிலையில் நடைபெறும் எழுத்துப் பயிலரங்கில் ஒவ்வொருவரும் தம் கட்டுரையோடு வந்து, தம் கட்டுரையோடு திரும்புவது இயல்பே. அருகில் இருப்பவரின் பிழையைச் சுட்டும் பொறுப்பு எவருக்கும் இல்லை. சுட்டினால் பகை மட்டுமே எஞ்சும். இதற்காக இளம் ஆய்வாளரைக் குறைகூறுவதில் நியாயமில்லை. நிலையான பணியில்லாதவரிடம் பெயரைத் துறக்கச் சொல்வது, பசித்தவரிடம் நோன்பின் சிறப்பை உரைப்பது போன்றது.

பெயர் இட்ட குறிப்புகள்

பெயரின்மைக்கும் பெயர்ப்பசிக்கும் இடைப்பட்ட ஒரு வழி இந்தியாவிலேயே உருவாயிற்று. அதற்குத் தமிழ்நாட்டுத் தொடர்பும் உண்டு. ஆன்றி கார்த்தானின் தந்தையாகிய எலி கார்த்தானிடம் ஆய்வு செய்து பட்டம் பெற்ற இயேசு சபைத் துறவி சார்லசு இராசின், 1937இல் இந்தியா வந்து திருச்சிராப்பள்ளி தூய வளனார் கல்லூரியிலும், 1939 முதல் 1967 வரை சென்னை இலயோலாக் கல்லூரியிலும் கற்பித்தார். வெய்லும் ஆன்றி கார்த்தானும் அவருக்கு நண்பர்கள். பாரிசில் உருவாகி வந்த புதிய கணிதம் அவர் வழியே சென்னை மாணவரை எட்டியது. அம்மாணவருள் எம்.எஸ். நரசிம்மன், சி.எஸ். சேஷாத்திரி ஆகிய இருவர் 1953இல் பம்பாய் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தில் சேர்ந்தனர்.

அந்நிறுவனத்தில் அயல்நாட்டு அறிஞர் வந்து விரிவுரை ஆற்றினால், இளம் ஆய்வாளர் ஒருவர் அதைக் கேட்டு, நிரப்பி, நூலாக எழுதுவது வழக்கமாயிற்று. பூர்பாக்கி உறுப்பினராகிய லொரான் ஷ்வார்ட்சு ஆற்றிய விரிவுரைகளை நரசிம்மன் எழுத, 1955இல் அது வெளிவந்தது. அட்டையில் இரு பெயர்களும் இருந்தன. உரைத்தவர் பெயர் ஒன்று, குறிப்பெழுதியவர் பெயர் மற்றொன்று. இராசினின் மற்றொரு மாணவராகிய சி.பி. இராமானுசம், உருசியக் கணிதவியலாளர் ஷஃபாரெவிச் பம்பாயில் ஆற்றிய உரைகளை எழுதினார்; 1966இல் வெளிவந்தது. தம் பிழைகளை இராமானுசம் திருத்தியதோடு, தாம் கூறாது விட்ட நிறுவல்களையும் எழுதிச் சேர்த்தார் என்று ஷஃபாரெவிச் பின்னர் வெளிப்படையாகக் கூறியுள்ளார். இராமானுசம் 1974இல், முப்பத்தாறாம் அகவையில் மறைந்தார். அந்நூலின் முகப்பில் அவர் பெயர், குறிப்பெழுதியவர் என்னும் அடைமொழியோடு, சிறிய எழுத்தில் இன்றும் இருக்கிறது.